புதுப்பிப்பு: அடுக்கு ஒட்டிய மரவில்லில் பசை விட்ட பிரச்சினை தீர்ந்தது

மூங்கில் முதுகும் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) மெர்பாவ் என்ற கடின மர வயிறுமாக (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) ஒட்டிய வில், நாணேற்றியதும் பிடிக்கு மேலே வாய் பிளந்தது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது சிரம்பானிலிருந்து பதில் போட்ட அண்ணன் சொன்னதுதான். மெர்பாவில் எண்ணெய் அதிகம், இழைப்புளி போட்ட வழுவழுப்பில் பசை பிடிக்காது என்றார். 60 நம்பர் மணல்தாளால் கீறி, துணியில் கறை குறையும்வரை அசிட்டோனால் துடைத்து, உடனே எப்பாக்சி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பசை) தடவினேன். முன்பு கிளாம்பை அளவுக்கு மீறி இறுக்கிப் பசையையெல்லாம் பிதுக்கிவிட்டிருக்கிறேன், அதனால் இந்தமுறை பழைய சைக்கிள் டியூப்தான் சுற்றினேன்.

எதிர்பாராதது ஒன்று. இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் வெயிலில், தகரக் கூரைக்கடியில் மதியம் கலந்த பசை கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிட்டது. அப்புறம் விடியற்காலையில் கலந்து அகலத் தட்டில் பரப்பினேன், நேரம் கிடைத்தது.

இப்போது நாணை 28 அங்குலம் இழுக்க 35 பவுண்டு விசை. 200 அம்பு விட்டாயிற்று, பசைக்கோட்டில் மயிரிழை விரிசல்கூட இல்லை.