சீரொளி மீயொலியா, லேசர் மீயொலியா?

வணக்கம் அன்பர்களே,

லேசரால் மீயொலியை, அதாவது காதுக்கு எட்டாத உயர் அதிர்வு ஒலியை, எழுப்பிப் பொருளைத் தொடாமலே சோதிக்கும் முறைக்குத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோமே, அதற்கு நம் அக்கா முன்வைத்த ‘சீரொளி மீயொலியியல்’ (சீரொளி என்றால் லேசர்) என்ற சொல்லை இரண்டு நாளாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று உணவங்காடி நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் தம்பியிடம் வாய்விட்டுச் சொன்னதும், “சீரொலியா சீரொளியா அண்ணே?” என்று கேட்டார். என் தயக்கம் முழுக்க அதுதான். ஒளியும் ஒலியும் ஒரே சொல்லில் அடுத்தடுத்து வந்தால் சத்தமான வேலையிடத்திலோ ஃபோனிலோ எது எது என்று பிரியாது, அதிலும் நம் பிள்ளைகள் லகர ளகரத்தோடு படும் பாடு வகுப்பில் நிற்கும் அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதே முறைக்கு ஐயா சொன்ன ‘தொடா மீயொலி’ காதுக்கு நன்றாக இருக்கிறது, பொருள்தான் அகலமாகிவிடுகிறது. காற்று வழியாகவே மீயொலியை அனுப்பும் முறையும் தொடுவதில்லை, மின்காந்தத்தால் உலோகத்துக்குள் அலையை எழுப்பும் முறையும் தொடுவதில்லை. அதனால் அது குடும்பப் பெயராக இருக்கட்டும். நாம் தேடுவது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர்.

தொடாமல் அளப்பது ஏன் பெரிய விஷயம் என்றால், சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் நாங்கள் குழாய்ச் சுவரின் தடிமன் பார்க்கும்போது முதலில் துரு, பெயின்ட் சுரண்டி, ஜெல் தடவி, மீயொலியை அனுப்பி வாங்கும் புரோபை அழுத்திப் பிடித்து, திரையில் பின்சுவர் எதிரொலி எழும்வரை மெல்ல நகர்த்துவோம். சூடான குழாய் என்றால் ஜெல் நொடியில் காய்ந்து பொருக்காகிவிடும், அது ஆறும்வரை சாரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

லேசர் முறையில் ஜெல்லும் இல்லை, புரோபும் இல்லை. சில நானோவினாடியே நீடிக்கும் ஒரு துடிப்பு மேற்பரப்பில் விழுகிறது, அந்த இடம் சட்டென்று சூடேறி விரிகிறது, அந்த விரிவே அலையாக உள்ளே ஓடுகிறது. மேற்பரப்பைத் திடீரென்று சூடாக்கினால் மீள் அலை (பொருள் விரிந்து சுருங்கி ஓடும் அதிர்வு) எழும் என்று ஆய்வாளர் ரிச்சர்ட் ஒயிட் 1963இலேயே எழுதிவிட்டார். 10 மில்லிமீட்டர் எஃகில் அலை போய்த் திரும்ப ஏறக்குறைய 3.4 மைக்ரோவினாடி ஆகும். அது திரும்பி வந்து மேற்பரப்பை நானோமீட்டர் அளவில், சில நேரம் அதற்கும் குறைவாக, அசைக்க, இரண்டாவது லேசர் ஒன்று குறுக்கீட்டுமானி (ஒளியலைகளை ஒன்றோடொன்று சேர்த்து நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வழியாக அந்த அசைவைப் பிடித்துவிடுகிறது. ஆலையில் செக்கச்செவேலென்று உருண்டு போகும் எஃகுக் குழாயைக்கூடத் தள்ளி நின்றே அளக்க முடிகிறது.

ஆக, இரண்டு லேசர்களுக்கும் தனிப் பெயர் வேண்டும். ‘எழுப்புக்கதிர்’, ‘கேட்புக்கதிர்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து, இரண்டிலும் ஒளி ஒலிக் குழப்பம் இல்லை. இதற்காகவே மீயொலிக்கு இன்னொரு பெயரான ‘கேளா ஒலி’யை விட்டு ‘மீயொலி’யைப் பிடித்துக்கொள்ளலாம், கேளா ஒலிக்குக் கேட்புக்கதிர் என்றால் ஒன்றோடொன்று முட்டும். ஒலியை விஞ்சிய வேகத்துக்கும் சிலர் மீயொலி என்றே எழுதுகிறார்கள் என்று ஐயா சுட்டியது சரி. அங்கே ‘வேகம்’ கூடவே வரும், ஆகவே குழம்பாது.

முழுப் பெயர் ‘லேசர் மீயொலிச் சோதனை’ என்றே இருக்கட்டும். லேசர் என்பது ஆங்கிலத்திலேயே முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர், தம்பிமார் வாயிலும் அப்படியே இருக்கிறது. சீரொளியை நான் ஒதுக்கவில்லை, ஒலி பக்கத்தில் வராத இடங்களில் தாராளமாக வரட்டும்.

அப்புறம் ஒன்று பாக்கி இருக்கிறது. லேசரின் ஆற்றலைக் கூட்டினால் விரிவதோடு நிற்காமல் மேற்பரப்பின் மெல்லிய படலம் ஆவியாகிப் பறக்கும், அலை இன்னும் வலுவாக எழும், ஆனால் பொருளில் தடம் விழுந்துவிடும். தொடாமலே காயம் படுகிறது என்பதால் இரண்டையும் பெயரிலேயே பிரித்துக் காட்ட வேண்டும். முதலில் ‘விரிநிலை’, ‘உரிநிலை’ என்று எழுதினேன், சொல்லிப் பார்த்தால் மறுபடியும் காதில் ஒன்றாகிவிடுகின்றன. ‘சுடுவிரிவு’, ‘மேலுரிவு’ எப்படி இருக்கிறது, அக்கா?