அமெரிக்காவில் பேரன் விளையாடும் வீட்டில் துப்பாக்கி. கேட்கலாமா?

நங்கநல்லூர் பாட்டி:
மகள் அட்லாண்டாவில் இருக்கிறாள். அடுத்த மாசம் அங்கே போகிறேன். ஒன்பது வயசுப் பேரனுக்கு எப்பவும் எதிர்வீட்டுப் பையனோடதான் விளையாட்டு. அந்த வீட்டில் துப்பாக்கி இருக்குன்னு மகள் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்குத் தூக்கமே போச்சு. மாப்பிள்ளையோ, "அத்தை, அதெல்லாம் கறுப்பர்கள் ஏரியாவில்தான், நம்ம பக்கம் சேஃப்" என்கிறார். நிஜமா? அங்கே இருந்தவங்க யாராவது சொல்லுங்களேன்.

குரோம்பேட்டை குமார்:
பேரனை இங்கே கூட்டிட்டு வந்துடுங்கம்மா. நம்ம ஊர்ல துப்பாக்கி லைசென்ஸ் வாங்குறதுக்குள்ள தலைமுடி நரைச்சிடும்.

பெரம்பூர் நர்ஸ்:
அம்மா, நான் பிலடெல்பியாவில் எமர்ஜென்சி வார்டில் வேலை பார்த்தவள். மாப்பிள்ளை சொல்றதில் பாதிதான் சரி. அமெரிக்காவில் 1 முதல் 19 வயசு வரை சாகிறவங்களுக்கு 2020-லிருந்து முதல் காரணம் துப்பாக்கிதான். வண்டி விபத்தையே முந்திடுச்சு. கறுப்பினப் பிள்ளைகள் பல மடங்கு அதிகமா சாகிறாங்க, பெரும்பாலும் கொலை. வெள்ளைக்காரப் பிள்ளைகளோட துப்பாக்கிச் சாவில் தற்கொலை பெரிய பங்கு, அதுவும் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கிற துப்பாக்கியால். 'சேஃப்' ஏரியா அதைத் தடுக்காது.

அந்த ஏரியாக்கள் தானா அப்படி ஆகலை. 1930-களில் அரசாங்கமே மேப்பில் கறுப்பர் தெருக்களுக்குச் சிவப்பு அடிச்சது, பேங்க் கடன் கிடைக்காம போச்சு. சென்னையில் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியமர்த்தின கண்ணகி நகர்னு சொன்னாலே இங்கே வேலை தர யோசிக்கிறாங்களே, அந்தக் கதைதான். பிலடெல்பியாவில் குப்பை மண்டிய காலி மனைகளைச் சுத்தம் பண்ணி, புல் போட்டு, சின்ன மரவேலி வச்சாங்க. ஏழைத் தெருக்களில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைஞ்சதுன்னு 2018-ல் ஆய்வு வந்தது. ஆஸ்பத்திரியிலும் ஒரு ஏற்பாடு உண்டு. குண்டு பட்ட பையன் கட்டிலோரம் வந்து உட்கார்றவர் போலீஸ் இல்லை, பல சமயம் அதே மாதிரித் தெருவில் குண்டு பட்டுப் பிழைச்சவர். பழி வாங்கக் கிளம்புற கூட்டாளிங்களைப் போனில் பிடிச்சு நிறுத்துவார். எத்தனை டாக்டர் சொன்னாலும் அது நடக்காது.

உங்க விஷயத்துக்கு வர்றேன். தாராளமா கேளுங்க. அங்கே குழந்தை டாக்டர்களே கேட்கச் சொல்றாங்க. "நாய் இருக்கா, நீச்சல் குளம் இருக்கா, துப்பாக்கி பூட்டியிருக்கா"ன்னு ஒரே மூச்சில் கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. குண்டு எடுத்துட்டுப் பூட்டியிருக்கணும், குண்டைத் தனியாப் பூட்டணும், சாவி இருக்கிற இடம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது.

நங்கநல்லூர் பாட்டி:
நல்லா இரும்மா. மகள் கேட்டுட்டாள். பெட்டியில் பூட்டித்தான் வச்சிருக்காங்களாம், சாவி பெட்டி மேலேயே இருக்காம்! அதைச் சரி பண்றவரைக்கும் விளையாட்டு நம்ம வீட்டில்னு சொல்லியாச்சு. உன் பதிலை மாப்பிள்ளைக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்திருக்கு, பதில் வரலை.