அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிரயம் முடித்துத் தராதது மோசடியா, "சிவில் மேட்டரா"?

கொள்ளிடக்கரை:
என் சித்தி தனியாள், தையல் வேலை. 2024 மார்ச்சில் ஒரு மனைக்கு 4 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தார். ஆறு மாதத்தில் கிரயம் முடித்துத் தருவதாக விற்பவர் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. மனையும் இல்லை, பணமும் இல்லை. "அடுத்த மாசம்மா" என்பதுதான் பதில். ஸ்டேஷனில் மனுவை முழுசாகப் படிக்காமலே "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஏமாற்ற நினைத்தே வாங்கியவரும், நஷ்டப்பட்டுத் தர முடியாதவரும் சட்டத்துக்கு ஒன்றுதானா?

நடுமுற்றம்:
ஒன்றல்ல. ஆனால் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்டேஷனில் சொன்னது சரி. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம் 415-வது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒருவர் அவுரிச் செடி தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குகிறார். வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் இல்லையென்றால் மோசடி. அப்போது எண்ணம் இருந்து, பிறகு கொடுக்காமல் விட்டால் மோசடி இல்லை. ஒப்பந்தத்தை மீறியதற்காக சிவில் வழக்கு மட்டும்தான். உங்கள் சித்தி கதை அப்படியே அவுரிக் கதை. ஒரு வருஷம் இழுத்தடித்தார் என்பது, பணத்தை வாங்கிய அந்த நிமிஷத்தில் அவர் மனசில் என்ன இருந்தது என்று காட்டாது.

கீழவீதி:
நடுமுற்றம் ஐயா, மனசைத் திறந்து காட்டவா முடியும்? இந்த வாதத்தை ஏற்றால் எந்த மோசடிக்காரனும் மாட்ட மாட்டான். "தரணும்னுதான் இருந்தேன்" என்று ஒரு வார்த்தை போதுமே. 1958-ல் விர்சா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்ததும் இதே மாதிரி வாதம்தான். ஈட்டியால் வயிற்றில் ஒரே குத்து. கொல்லும் எண்ணம் இல்லை என்றார்கள். நீதிபதி விவியன் போஸ் கேட்டது வேறு: அந்தக் காயத்தை அந்த இடத்தில் ஏற்படுத்த நினைத்துத்தானே குத்தினார்? தற்செயலாகப் பட்டது என்று காட்ட எதுவும் இல்லையே? இயல்பாக உயிரைக் கொல்லப் போதுமான காயம் அது. கொலை என்று தீர்ப்பு. எண்ணத்தைச் செய்கையிலிருந்துதான் படிக்க வேண்டும்.

நடுமுற்றம்:
ஈட்டிக் குத்து ஒரு நொடியில் முடிந்துவிடும். செய்கையும் எண்ணமும் ஒரே இடத்தில் இருக்கும். வியாபாரம் அப்படியா? என் மாமா கட்டட மேஸ்திரி. 2020 ஜனவரியில் மூன்று வீட்டுக்கு முன்பணம் வாங்கினார். மார்ச்சில் ஊரடங்கு. ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், கம்பி விலை ஏறிவிட்டது, வாங்கிய பணம் அஸ்திவாரத்தில் கிடந்தது. ஒரு வீட்டுக்காரர் 420 என்று புகார் கொடுத்தார். மாமாவை இரண்டு நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அத்தை தாலிச் செயினை அடகு வைத்துப் பணம் கட்டியதும் அந்தப் புகார் போன இடம் தெரியவில்லை. அவர் மோசடிக்காரரா? 2006-ல் இந்தியன் ஆயில், என்.இ.பி.சி. இந்தியா வழக்கில், சிவில் தகராறுகளைக் கிரிமினல் ஆக்கும் போக்கு பெருகுகிறது என்று உச்ச நீதிமன்றமே வருத்தப்பட்டது. போலீஸ் வசூல் ஏஜெண்ட் ஆகக் கூடாது. இதில் நான் மாறப்போவதில்லை.

கீழவீதி:
மாமாவுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கடைசிவரை படியுங்கள். என்.இ.பி.சி. நிறுவனத்தார் இந்தியன் ஆயிலிடம் வாங்கிய எரிபொருளுக்கு விமானங்களை ஈடு காட்டிவிட்டு, எஞ்சின்களைக் கழற்றி எடுத்துவிட்டார்கள் என்பது புகார். சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் வருத்தப்பட்ட கையோடு, மோசடிக் குற்றச்சாட்டு தொடரலாம் என்றது. ஒரே சங்கதியில் சிவிலும் இருக்கலாம், கிரிமினலும் இருக்கலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த வருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்து எல்லாரும் ஒட்டுகிறார்கள்.

இன்னொன்று. சிவிலில் எண்ணத்துக்கு வேலையே இல்லை என்பது போலப் பேசுவதும் தப்பு. ஒப்பந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்க எண்ணம் தேவையில்லை, சரி. ஆனால் 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 17-வது பிரிவைப் பாருங்கள். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதியும் வஞ்சகம்தான். கேள்வி இரண்டு பக்கமும் ஒன்று. நிரூபணத்தின் எடைதான் வேறு: சிவிலில் எந்தப் பக்கம் தட்டு தாழ்கிறது என்று பார்ப்பார்கள், கிரிமினலில் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலும் விடுதலை.

கொள்ளிடக்கரை, மனைக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா? பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.

கொள்ளிடக்கரை:
இப்போதுதான் பார்த்தேன், கை நடுங்குகிறது. அந்த சர்வே நம்பரில் 2023 நவம்பரில் ஒரு கிரயப் பதிவு இருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் இதே ஆள். சித்தியிடம் அட்வான்ஸ் வாங்குவதற்கு நாலு மாதம் முன்னால்.

நடுமுற்றம்:
அவசரப்படாதீர்கள். ஒரே சர்வே நம்பரில் அவருக்கு நாலு மனை இருக்கலாம். வேறொன்றை விற்றிருந்தால் இது ஒன்றும் இல்லை. நான்கெல்லையை ஒத்துப் பாருங்கள்.

கொள்ளிடக்கரை:
சித்தியிடம் ஒப்பந்தத்தை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். மனை எண் 14. வடக்கே 20 அடி ரோடு, கிழக்கே மனை எண் 15, தெற்கே வாய்க்கால் புறம்போக்கு, மேற்கே 13. அளவு 1,200 சதுர அடி. வில்லங்கத்தில் எழுத்துக்கு எழுத்து அதே.

நடுமுற்றம்:
அப்படியானால் இது அவுரிக் கதை இல்லை, நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். அதே 415-ன் கீழே இன்னோர் உதாரணம் உண்டு: ஒருவருக்கு விற்றுவிட்டு, தனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தே, அதை மறைத்து இன்னொருவருக்கு விற்றுப் பணம் வாங்குவது மோசடி. இங்கே கிரயம் முடியவில்லை, அட்வான்ஸ்தான். ஆனால் உரிமை போனதை மறைத்துப் பணம் வாங்கியது அதேதான். நாலு மாதம் முன்னால் தானே கையெழுத்துப் போட்டு விற்றவர் "தெரியாது" என்று சொல்ல முடியாது. என் மாமாவிடம் அஸ்திவாரம் இருந்தது. இவரிடம் விற்க மனையே இல்லை.

கீழவீதி:
நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் வாங்குங்கள். புது மனுவில் அதை முதல் பக்கமாக வையுங்கள். பணம் கைமாறியது 2024 ஜூலை 1-க்கு முன்பு, அதனால் பழைய 420 தான். அன்று நடைமுறைக்கு வந்த புதுச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318 இல்லை. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நடுமுற்றம்:
சிவில் வழக்கையும் கூடவே போடுங்கள். அவருக்குத் தண்டனை கிடைத்தாலும் 4 லட்சம் தானாக வீட்டுக்கு வராது. வழக்குப் போட இருக்கும் மூன்று வருஷக் கெடுவை ஒப்பந்தத்தில் எழுதிய செப்டம்பரிலிருந்து எண்ணாதீர்கள். விற்க மனையே இல்லாமல் வாங்கிய பணம் என்பதால், கைமாறிய மார்ச்சிலிருந்தே எண்ணுவது பத்திரம். அதாவது 2027 மார்ச்சுக்குள். பணம் ரொக்கமா, வங்கி வழியா?

கொள்ளிடக்கரை:
மூன்று லட்சம் வங்கி, ஒரு லட்சம் ரொக்கம். ரொக்கத்துக்கு ஒப்பந்தத்தின் பின்பக்கம் அவரே தேதி போட்டு, "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறார். காலையில் சித்தியைக் கூட்டிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகம் போகிறேன்.