கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி சொல்லாமல் விட்டது சரியா?

வீராணக்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குத் தினமும் பஸ். ஜன்னல் சீட் கிடைத்துவிட்டால் லால்பேட்டை வரும்வரை புத்தகத்தைவிட்டு நிமிர மாட்டேன். ஜூனிலிருந்து இப்படியே மூன்று நாவல்கள் முடித்தேன். மூன்றிலும் சரித்திரமும் உண்டு, கொலையும் உண்டு.

முதலில் சுஜாதாவின் ‘ரத்தம் ஒரே நிறம்’. 1857 சமயத்தில், அப்பாவைக் கொன்ற வெள்ளைக்காரனைத் தேடி முத்துக்குமரன் வடக்கே போகிறான். பழி தீருமா என்ற ஒரே கேள்வி நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஓட்டம் பிடித்தது. ஆனால் கான்பூரில் அத்தனை பேர் சாகும் இடத்தில் கதை இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்று பட்டது.

அடுத்து ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில். 1591, இஸ்தான்புல். கிணற்றுக்குள் கிடக்கும் பிணமே முதல் அத்தியாயத்தில் நம்மிடம் பேசுகிறது. கொலைகாரனும் பேசுகிறான், பெயரை மட்டும் சொல்வதில்லை. ஓர் ஓவியன் எவ்வளவு மறைத்தாலும் அவன் கைப்பழக்கம் எங்காவது காட்டிக்கொடுத்துவிடும் என்பதை வைத்தே துப்புத் துலங்குகிறது. ஒரு குதிரைப் படத்தை அவ்வளவு உற்றுப் பார்க்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஓவியர்களின் வாதங்கள் வரும் பக்கங்களை மட்டும் வீட்டில் உட்கார்ந்து இரண்டாம் முறை படித்தேன், பஸ்ஸில் அது ஏறவில்லை.

கடைசியில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும். கல்லூரியில் படித்தது, இது இரண்டாம் தடவை. கதை ஆரம்பிப்பதே எங்கள் வீராணம் ஏரிக்கரையில்தானே! ஆடிப்பெருக்கன்று எழுபத்து நான்கு கணவாய் (மதகு) வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று பாய்வதை வந்தியத்தேவன் பார்த்துக்கொண்டு போவான். கடம்பூரும் இங்கே பக்கத்திலேயே இருக்கிறது.

இந்தத் தடவை என் மனம் கடம்பூர் மாளிகையிலேயே மாட்டிக்கொண்டது. விளக்கு அணைகிறது, இருட்டில் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் விழுகிறான். யார் கை? நந்தினி அங்கே இருக்கிறாள், வந்தியத்தேவன் இருக்கிறான், பெரிய பழுவேட்டரையர் வருகிறார், ரவிதாஸனின் சதிக் கூட்டம் இருக்கிறது. முடிக்கும்வரை கல்கி ஒருவரை நோக்கி விரல் நீட்டவே இல்லை. அம்மாவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். “அப்போ யாருதான் கொன்னது?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போனேன். கரிகாலனின் தம்பி ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. குருக்கள் இடத்தைக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஏறிய கல். நம் ‘ப’வும் ‘ட’வும் போன்றவை தெரிகின்றன, மற்றவை கண்ணில் நிற்கவில்லை. அதனால் அச்சிட்ட வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தடவிப் பார்த்தேன். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாஸன், பரமேஸ்வரன் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய நிலம் மட்டுமா, அவர்கள் பெண்களைக் கட்டியவர்களின் சொத்தும் பறிமுதல். யாரோ ஒரு மாப்பிள்ளை செய்யாத குற்றத்துக்கு வயலை இழந்திருக்கிறான். அந்த வரியில் கை அப்படியே நின்றுவிட்டது.

கல்லே பெயர் சொல்லும்போது கல்கி ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு இது குறையாகப் பட்டதா? இதே மாதிரி சரித்திரக் கொலையை எடுத்துக்கொண்ட வேறு நாவல் இருந்தாலும் சொல்லுங்கள்.

பைண்டிங் பிரதி:

அம்மா, எனக்கு எழுபத்தொரு வயது. எங்கள் வீட்டில் 1950இலிருந்து 54 வரை வந்த தொடரைப் பக்கம் பக்கமாகக் கிழித்துப் பைண்ட் செய்து வைத்திருந்தார்கள். ஓவியர் மணியம் வரைந்த படங்களோடு அதில்தான் நான் முதலில் படித்தேன். ஓரத்தில் என் அத்தை பென்சிலால் எழுதி வைத்திருந்தார். கரிகாலன் செத்த வாரத்தில் “பழுவேட்டரையர்?” என்று எழுதி, பிறகு அதை அடித்து “நந்தினி” என்று எழுதி, அதையும் அடித்திருந்தார். மூன்றரை வருஷம் வாரா வாரம் காத்திருந்து படித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம்தான் கதை.

எனக்கு அது குறையாகப் பட்டதே இல்லை. கடைசியில் கல்கி ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அத்தையின் பென்சில் கோடுகளுக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும்.

தெற்குச் சித்திரை:

டீச்சர், நான் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எனக்கு அது குறைதான்.

கல்வெட்டில் ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்று பட்டம் இருக்கிறது. பரமேஸ்வரன் இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். இவை அரசாங்கத்தில் பெரிய அதிகாரிகளுக்குக் கொடுக்கும் பட்டங்கள். அதாவது கொன்றவர்கள் அரண்மனைக்கு உள்ளே இருந்தவர்கள். கல்கி அதே ரவிதாஸனை நள்ளிரவில் காட்டில் கூடும் மந்திரவாதியாக்கிவிட்டார். படிக்கும்போது திகிலாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தினமும் அரசனுக்கு எதிரே கைகட்டி நின்ற அதிகாரி கொன்றான் என்பது அதைவிடப் பெரிய திகில் இல்லையா? அந்தக் கதையை அவர் தொடவில்லை.

இன்னொன்று. கொலை நடந்த பிறகு உத்தம சோழன் ஆண்டு முடித்து, 985இல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகுதான் இந்த ஆணை. நடுவில் ஏன் அவ்வளவு வருஷம்? உத்தம சோழன்மேல் சந்தேகப்பட்டவர்களில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியும் ஒருவர். இல்லை என்று மறுத்தவர்களும் உண்டு. கல்கியோ உத்தம சோழனைச் சந்தேகத்துக்கே இடமில்லாத நல்லவராக்கிவிட்டார். யாரையும் நோகடிக்காமல் முடிக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட மாதிரி நாவலுக்கு: ஜோசபின் டே எழுதிய ‘த டாட்டர் ஆஃப் டைம்’, 1951. ஆங்கிலத்தில்தான் படித்தேன். கால் உடைந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் போலீஸ் இன்ஸ்பெக்டர், மூன்றாம் ரிச்சர்டின் ஓவியத்தைப் பார்த்துவிட்டு, இந்த முகமா அண்ணன் பிள்ளைகள் இருவரையும் கொன்றது என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார். படுத்த படுக்கையாகவே, வெறும் புத்தகங்களையும் பழைய ஆவணங்களையும் வைத்து. அந்த எழுத்தாளர் பக்கம் எடுக்கிறார், துணிந்து எடுக்கிறார். தீர்ப்பை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் ஆவணத்தை யார் எழுதினார், எப்போது எழுதினார், அதில் அவருக்கு என்ன லாபம் என்று கேட்கும் முறை இருக்கிறதே, அதற்காகவே நீங்கள் படிக்க வேண்டும். கல்வெட்டைத் தடவிப் பார்த்தவருக்குக் கட்டாயம் பிடிக்கும்.

வீராணக்கரை:

ஐயா, உங்கள் அத்தையின் பென்சில் கோட்டை நேற்று இரவு அம்மாவிடம் சொன்னேன். உடனே முதல் பாகத்தை எடுத்துத் தரச் சொல்லிவிட்டார்.

தெற்குச் சித்திரை, கோபமெல்லாம் இல்லை. பட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் அச்சிட்ட வாசகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆமாம், பெயருக்கு ஒட்டியே இருக்கிறது. அன்று கோயிலில் நான் பெயர்களைத்தான் தேடினேன், பட்டத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அரண்மனைக்கு உள்ளே இருந்தவன் என்று நினைத்துக்கொண்டு கடம்பூர் அத்தியாயங்களைத் திரும்பப் படிக்கப் போகிறேன். ஆனால் முதல் பாகத்தோடு நான்காம் பாகமும் சேர்ந்தே அம்மா மேஜைக்குப் போய்விட்டது, அவர் முடிக்கட்டும். ஓரத்தில் எழுதிக்கொள்ள ஒரு பென்சிலும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார்.