தலைமைப் பாணிகள்: இரண்டு கலைச்சொற்கள் அவசரமாகத் தேவை

மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். மேலாண்மைப் பாடநூலில் தலைமைப் பாணிகள் பற்றிய இயல் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். உளவியலாளர் கர்ட் லெவினும் கூட்டாளிகளும் சிறுவர் குழுக்களை வைத்துச் செய்து 1939இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று பாணிகள் உண்டு. அதிகாரத் தலைமை, சனநாயகத் தலைமை என்று இரண்டை எழுதிவிட்டேன். மூன்றாவதான லேசே ஃபேர்தான் இடிக்கிறது. அதில் தலைவர் பொருள்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், கேட்டால் மட்டும் பதில் சொல்வார். அப்புறம், ராபர்ட் கிரீன்லீஃப் 1970இல் எழுதிய கட்டுரையால் பரவிய சர்வன்ட் லீடர்ஷிப், அதாவது ஊழியம் செய்வதையே முதன்மையாகக் கொள்ளும் தலைமை. இரண்டுக்கும் சொல் தாருங்கள்.

விரிவுரையாளர்:
லேசே ஃபேருக்குத் 'தலையிடாத் தலைமை'. பொருளியலில் தலையிடாக் கொள்கை என்று ஏற்கெனவே சொல்கிறோம். மாணவர்களுக்கு உடனே பிடிபடும்.

தமிழாசிரியர்:
'தலையிடா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே ஒற்று மிகும். 'தலையிடாத தலைமை' என்று எழுதினால் மிகாது. இரண்டையும் கலந்து 'தலையிடாதத் தலைமை' என்று அச்சேற்றிவிடாதீர்கள். ஆனால் என் விருப்பம் 'விடுநிலைத் தலைமை'. 'அதனை அவன்கண் விடல்' என்று 517ஆம் குறளே சொல்கிறதே. இப்படி ஒரு வேர் கையில் இருக்கும்போது எதிர்மறைச் சொல் எதற்கு?

விரிவுரையாளர்:
ஐயா, இங்கேதான் கடுமையாக மறுக்கிறேன். 'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து' என்பதை விட்டுவிட்டீர்கள். குறள் சொல்வது ஆளைத் தேர்ந்து, வேலையை நம்பி ஒப்படைப்பது. லெவினின் மூன்றாவது பாணியில் அந்தத் தேர்வே இல்லை. பின்பற்றுவோரின் எண்ணத்தையே மாற்றி உயர்த்தும் உருமாற்றத் தலைமை பற்றி 1985இல் நூல் எழுதிய பெர்னார்ட் பாஸின் வகைப்பாட்டில் இது தலைமை இல்லாத நிலை, பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. 'விடுநிலை' என்று கௌரவம் கொடுத்தால் மாணவர் இதையும் அதிகாரப் பகிர்வையும் ஒன்றாக்கிவிடுவார். எதிர்மறைச் சொல்தான் வேண்டும்.

கணினித் தமிழ் அன்பர்:
'சனநாயகம்' எதற்கு? மக்களாட்சி என்று இருக்கிறதே.

விரிவுரையாளர்:
ஐந்து பேர் கூடி முடிவெடுப்பது எப்படி ஆட்சியாகும்? மாற்றியே ஆகவேண்டும் என்றால் 'கலந்தாய்வுத் தலைமை' என்று மாற்றலாம்.

தமிழாசிரியர்:
சரி, குறளை விடுகிறேன். கிரீன்லீஃப் சொல்லுக்கு வருவோம். 'சேவை' வடசொல், வேண்டாம். 'ஆள்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆளுதல் என்றால் அரசாளுதல், ஆட்படுதல் என்றால் அடிமையாதல். ஆண்டாள் 'உனக்கே நாம் ஆட்செய்வோம்' என்கிறாள். தலைவனும் ஊழியனும் ஒரே சொல்லில் நிற்கிறார்கள். முதலில் ஊழியம் செய்ய விரும்புபவரே பிறகு தலைவராகிறார் என்பதுதானே கிரீன்லீஃபின் கருத்து? 'ஆட்செய் தலைமை' என்று வையுங்கள். வினைத்தொகை, ஒற்றுத் தொல்லையும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர்:
அழகான சொல், ஐயா. ஆனால் முதலாண்டு மாணவர் அதை 'ஆட்சி செய்' என்று படிப்பார். பொருள் நேர் எதிராகிவிடும்.

கணினித் தமிழ் அன்பர்:
'தொண்டர் தலைமை'?

விரிவுரையாளர்:
கட்சித் தொண்டர்களின் தலைவர் என்று தோன்றும். 'ர்' வேண்டாம், 'தொண்டுத் தலைமை' போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் நன்றி. தலையிடாத் தலைமை, தொண்டுத் தலைமை என்று அனுப்புகிறேன். சனநாயகம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். வேலைக்கு ஈடாக வெகுமதி தரும் பரிமாற்றத் தலைமைக்கும் உருமாற்றத் தலைமைக்கும் மாற்று கேட்க நினைத்திருந்தேன், நேரமில்லை.

தமிழாசிரியர்:
பெரும்பான்மை அதுவென்றால் அனுப்புங்கள். எனக்கு உடன்பாடில்லை. தொண்டு என்ற சொல்லில் ஊழியம் மட்டுமே இருக்கிறது, ஆளுதல் இல்லை. சொல்லடைவில் 'ஆட்செய் தலைமை'யையும் மாற்றுச் சொல்லாகச் சேருங்கள். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி எழுதுவேன்.