கேட்டவர் சொல்வதற்கு ஒரு சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

செ., கோவை

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் மாலை நேரத்தில் ஒரு சின்ன இசைவட்டம் கூடுகிறது. மாணவர்கள் மடிக்கணினியில் செய்த ஆம்பியன்ட் (பின்னணியில் சூழ்ந்து மெல்ல ஓடும் இசை), சினிமாட்டிக் (படக்காட்சிக்கு வருவது போன்ற இசை) வகைத் துண்டுகளைக் கொண்டு வருவார்கள்; மற்றவர்கள் கேட்டுவிட்டு ஏதாவது சொல்வார்கள். இனி அதைத் தாளில் எழுதி வாங்கலாம் என்று ஒரு படிவம் தயாரிக்கிறேன், முழுக்கத் தமிழில். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

தலைப்பிலேயே நின்றுவிட்டேன். 'பின்னூட்டம்' என்றுதான் முதலில் போட்டேன். ஆனால் இந்த இசையில் ஃபீட்பேக் என்பது ஒரு குமிழின் பெயரும் கூட. டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திருப்பித் தருவது) கருவியில் வெளியே போகும் ஒலியில் ஒரு பங்கைத் திரும்ப உள்ளே அனுப்புவது அது. ஏற்றினால் ஒலி மறுபடி மறுபடி வரும்; முழுக்க ஏற்றினால் அடங்கவே அடங்காது. ஒரு பையன் எங்கள் வாட்ஸாப் குழுவில் "பின்னூட்டம் ரொம்ப அதிகம், பாதியாகக் குறைக்கலாம்" என்று எழுதினான். இசையைச் செய்த பெண், தனக்கு வந்த பாராட்டுகளைத்தான் சொல்கிறான் என்று நினைத்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கூடவே ஆம்பியன்ட், ட்ரோன் (விடாமல் நீளும் ஒரே சுருதி ஒலி), ரிவெர்ப் (ஒலி நின்ற பின்னும் அறையில் தங்கும் முழக்கம்), ஒலிகள் குழம்பினால் 'மட்டி' (சேறானது) என்கிறார்களே அந்தக் குறை, இவற்றுக்கும் சொல் வேண்டும். உதவுங்கள்.

த., சென்னை

செ. அவர்களுக்கு,

ஒலிப்பதிவு வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். குமிழுக்கு 'மீள்விடு' என்றோ எதுவோ வைத்துக்கொள்ளுங்கள், ஆட்களுக்குப் பின்னூட்டம் இருக்கட்டும். வலைப்பதிவுக் காலத்திலிருந்து ஊரெல்லாம் பழகிய சொல். மேடையில் மைக் ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் வருகிற சத்தத்துக்கு மூன்றாவதாக ஒரு சொல் தேட வேண்டாம். 'மைக் கூவுது' என்று சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எப்போதோ முடித்துவிட்டார்கள்.

தலைப்பை விட முக்கியம், படிவத்தின் முதல் கேள்வி 'எதில் கேட்டீர்கள்?' என்று இருக்க வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் அடித்தொனி பெரும்பாலும் வராது. ட்ரோன் பல நேரம் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். போனில் கேட்டுவிட்டு 'ஆரம்பத்தில் ஒன்றுமே இல்லை' என்று எழுதுவார்கள். எழுதியவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு உண்மையிலேயே ஒன்றும் கேட்டிருக்காது.

பேரா. சு., திருச்சி

அன்புடையீர்,

ஊட்டம் என்பது உண்பித்தல். இசை கேட்டவன் இசைத்தவனுக்கு எதை ஊட்டுகிறான்? பின்னால் நின்று ஊட்டுகிறானா? மொழிபெயர்ப்பின் வடு அந்தச் சொல்லில் இன்னும் ஆறவில்லை.

நமக்குச் சொல் இருக்கிறது. தொல்காப்பியர் செய்யுளியலில் வாயுறை வாழ்த்து, செவியுறை என இரண்டு சொல்கிறார். வாயுறை வாழ்த்து "வேம்பும் கடுவும் போல வெஞ்சொல்" என வரும். ஆயினும் அது "வழிநனி பயக்கும்". இன்று கசந்து பின்னால் பயன் தருவது. நீங்கள் கேட்பது இதைத்தானே? (கடு என்பது கடுக்காயா நஞ்சா என்பது தனி விவாதம். நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.) செவி வழியாக நடப்பது என்பதால் உங்கள் படிவத்துக்குச் 'செவியுறை' மிகப் பொருந்தும். உறை என்பது இங்கே மருந்து. புதிதாக ஒன்றும் படைக்க வேண்டாம், தூசி தட்டினால் போதும்.

த., சென்னை

ஐயா, செவியுறை என்று தாளில் போட்டால் பையன்கள் ஹெட்போனில் மாட்டும் பஞ்சு என்று நினைப்பார்கள். தலையணை உறை, செவி உறை. நானே அப்படித்தான் படித்தேன்.

ம., மதுரை

பேராசிரியர் நூற்பாவை முழுதாகத் தரவில்லை. செவியுறைக்கு அங்கே உள்ள வரி: "பொங்குதல் இன்றிப் புரையோர் நாப்பண் அவிதல் கடன்". பெரியவர்கள் நடுவே பொங்காமல் அடங்கி இரு என்பது பொருள். இதையா மாணவர் வட்டத்துப் படிவத்தின் தலையில் எழுதப்போகிறீர்கள்? இணையத்தில் இன்று 'பொங்குதல்' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பொங்கத்தானே தாள் கொடுக்கிறார்கள்!

அப்புறம், ஆம்பியன்ட், ட்ரோன் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று த. சொல்லப்போகிறார். முன்கூட்டியே மறுக்கிறேன். ஆம்பியன்டுக்குச் 'சூழிசை'. வினைத்தொகை. சூழ்ந்த இசை, சூழ்கின்ற இசை, சூழும் இசை, மூன்று காலமும் அதற்குள் இருக்கிறது. தொடக்கமும் முடிவும் தெரியாமல் ஓடும் இசைக்கு இதைவிடப் பொருத்தமான தொகை இலக்கணத்தில் இல்லை.

இ., டொராண்டோ

வணக்கம். எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில் பள்ளிக்கூடத்திலயே 'பின்னூட்டல்' என்றுதான் படித்தோம். 'டம்' இல்லை, 'டல்'. செய்கைக்கு டல், செய்து வந்த பொருளுக்கு டம் என்று பிரித்துக்கொண்டால் செ.யின் சிக்கல் பாதி தீரும்: குமிழ் பின்னூட்டல், தாள் பின்னூட்டம். ஒரு எழுத்தில் முடிகிற காரியம்.

ட்ரோனுக்கு வருகிறேன். நான் இணுவில் ஆள், நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவன். சுருதிப்பெட்டி வருவதற்கு முன்னர் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒருத்தர் ஒத்து ஊதுவார். நாதஸ்வரம் போலவே இருக்கும், விரல் வைக்கிற துளை இருக்காது. கீழே உள்ள துளைகளில் மெழுகு அடைத்துச் சுதி சேர்ப்பார்கள். மூக்கால் மூச்சை வாங்கிக்கொண்டே வாயால் விடாமல் ஊத வேண்டும். நாதஸ்வரக்காரர் நிறுத்தினாலும் ஒத்து நிற்காது. ட்ரோனுக்கு இதைவிட என்ன தமிழ் வேண்டும்? ஒத்து.

செ., கோவை

ஒத்து அருமை. ஆனால் 'ஒத்து ஊதுகிறான்' என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்!

அதைச் சொன்னதும் ஒன்று தோன்றுகிறது. எனக்கு வரும் கருத்துகளில் பெரும்பகுதி அந்த வகைதான். சென்ற கூட்டத்தில் ஒரு ஏழு நிமிடத் துண்டுக்கு வந்த வரிகளைத் தருகிறேன்: 'செம', 'வேற லெவல்', 'கண்ணை மூடினால் விண்வெளி', 'எந்தப் படத்தில் வரும் மாதிரி இருக்கு?', 'தூக்கம் வந்தது'. கடைசி வரி பாராட்டா குறையா என்று துண்டைச் செய்த பெண்ணுக்குத் தெரியவில்லை. இந்த இசைக்கு இரண்டும் பொருந்தும். இவற்றுக்கு நடுவே ஒருவன் மட்டும், 'மூன்றாம் நிமிடத்தில் மழைச்சத்தம் பட்டென்று வெட்டுப்படுகிறது, மறுபடி தொடங்கும் இடம் காதில் இடிக்கிறது' என்று எழுதினான். அவள் போய்ப் பார்த்தாள். மழைப்பதிவின் கடைசியையும் முதலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கரைக்காமல் அப்படியே ஒட்டியிருந்தாள். பத்து நிமிட வேலை. துண்டே மாறிவிட்டது.

எனக்கு வேண்டிய சொல் இந்தக் கடைசி வகைக்கு. 'செம'வுக்குத் தாள் எதற்கு?

பேரா. சு., திருச்சி

ஒத்து ஏற்கத் தக்கது. ஆனால் அதற்கும் முன்னால் போகலாம். சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் ஆளத்திக்கு (ஆலாபனைக்கு) ஒரு வெண்பா காட்டுவார்: "மகரத்தின் ஒற்றால் சுருதி விரவும்". வாயை மூடி 'ம்' என்று நிறுத்தும் அந்த ஓசையிலிருந்து சுருதி பரவுகிறது. ட்ரோன் என்று நீங்கள் அலைவது இந்த மகர ஒற்றைத்தான். ஆகவே 'மகர ஓசை'. சுருதி வடசொல் என்று ம. அவர்கள் எழுதும் முன்பே சொல்லிவிடுகிறேன்: அது வெண்பாவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்திருக்கிறது, இறக்கினால் தளை தட்டும்.

சூழிசை பற்றி ஓர் எச்சரிக்கை. சூழ்தல் என்பது சுற்றுதல் மட்டுமன்று, ஆராய்தலும் ஆகும். "மற்றொன்று சூழினும் தான்முந் துறும்". அதிலிருந்துதான் சூழ்ச்சி. சுவையான செய்தி என்னவென்றால் லத்தீனிலும் இதே கதை. ஆம்பியன்டின் வேர் சுற்றி வருதல். ரோமாபுரியில் பதவிக்கு நிற்பவர்கள் வாக்குக் கேட்டுத் தெருத்தெருவாகச் சுற்றியதற்கும் அதே வேர். பேராசை என்னும் பொருளில் ஆங்கிலத்துக்குப் போன 'ஆம்பிஷன்' என்னும் சொல் அங்கிருந்து வந்தது. இரண்டு மொழியிலும் சுற்றி வருபவனை நம்பவில்லை.

நான் முன்மொழிவது 'திணையிசை'. தெய்வம், உணா, மா, மரம், புள், பறை, செய்தி, யாழ் எனக் கருப்பொருளை எண்ணும்போதே தொல்காப்பியர் ஒலியையும் நிலத்தோடு சேர்த்துவிட்டார். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு விளரியாழ். ஓரிடத்தின் காற்றும் பறவையும் பறையும் சேர்ந்த இசைக்கு வேறு பெயர் எதற்கு?

த., சென்னை

திணையிசை என்றால் தினைமாவு விளம்பரத்துக்குப் போட்ட இசையா என்று கேட்பார்கள். சூழொலி என்று சரவுண்ட் சவுண்டுக்கு ஏற்கனவே எழுதுகிறார்கள்; சூழிசையும் அதோடு குழம்பும். ஆம்பியன்ட் ஆம்பியன்டாகவே இருக்கட்டும். ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978-ல் விமான நிலையத்துக்கென்று செய்த தொகுப்பில்தான் இதை ஒரு வகையின் பெயராக முன்வைத்தார். ஒரு ஆள் வைத்த பெயர் அது, மொழிபெயர்த்தால் ஆளே காணாமல் போவார்.

செ.யின் கேள்விக்கு வருவோம். ஈனோ சொன்னதன் சாரம்: கவனித்துக் கேட்டாலும் தாங்க வேண்டும், கவனிக்காமல் விட்டாலும் தாங்க வேண்டும். அப்படியானால் கவனிக்காத ஆளிடம் தாளைக் கொடுத்து என்ன வாங்குவீர்கள்? 1920-ல் பாரிஸில் இசையமைப்பாளர் எரிக் சாத்தி தன் 'அறைகலன் இசை'யை இடைவேளையில் வாசிக்க வைத்தார். யாரும் கேட்க வேண்டாம், பேசிக்கொண்டே நடமாடுங்கள் என்று அறிவித்திருந்தும் இசை தொடங்கியதும் கூட்டம் போய் உட்கார்ந்து கேட்டது. பேசுங்கள், நடங்கள் என்று அவர் கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. உங்கள் படிவம் கையில் இருந்தால் யாருமே கேட்காமல் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒருமுறை தாள் இல்லாமல், பேசிக்கொண்டே. இரண்டாம் முறை தாளோடு. முதல் முறையில் எந்த இடத்தில் பேச்சு நின்றது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. எல்லாத் துண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போடுங்கள். இரண்டில் சத்தமாக இருப்பதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும்.

ம., மதுரை

கேட்கும் முறை நல்ல யோசனை. ஆம்பியன்டை விட்டுவிடலாம் என்பதை ஏற்கவில்லை. ஒருவர் வைத்த பெயரை மொழிபெயர்க்கக் கூடாது என்றால் அறைகலன் இசை என்று நீங்களே எப்படி எழுதினீர்கள்?

'சினிமாட்டிக்'கை மறந்துவிட்டோம். திரையிசை என்று போடாதீர்கள், படப்பாட்டு என்றாகிவிடும். பின்னணி இசையும் ஆகாது, படமே இல்லையே. 'காட்சியிசை' பார்க்கலாம்.

மட்டிக்கு 'சேற்றொலி' என்று யாராவது கிளம்புவதற்குள்: கலங்கல். குளத்துத் தண்ணீர் கலங்கினால் அடி தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். எதிர்ச்சொல்லும் கையிலேயே இருக்கிறது, தெளிவு.

த., சென்னை

கலங்கலுக்கு என் இரண்டு கையையும் தூக்குகிறேன். 200 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை நாலைந்து பேட் (நீண்டு ஒலிக்கும் மென்மையான பின்னணித் தொனி) ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் வருவது அதுதான். ரிவெர்பை நிறைய ஊற்றினால் இன்னும் கலங்கும். ரிவெர்புக்குப் பாடநூலிலேயே எதிர்முழக்கம் இருக்கிறது. எதிரொலி என்று மட்டும் எழுத வேண்டாம். அது 17 மீட்டருக்கு அப்பால் சுவர் இருந்து, தனியாகத் திரும்பிக் கேட்பது.

இ., டொராண்டோ

தலைப்புக்கு: 'கேட்டுரை'. கேட்டு உரைப்பது. கேட்காமல் உரைக்க முடியாது என்று சொல்லுக்குள்ளேயே நிபந்தனை இருக்கிறது.

ம., மதுரை

அச்சில் கட்டுரைக்கு எழுத்துப்பிழை என்று திருத்திவிடுவார்கள். ஆனாலும் பிடித்திருக்கிறது.

பேரா. சு., திருச்சி

கேடு என்பது உருபேற்கும்போது கேட்டை, கேட்டினை என்றாகும். அவ்வழியே கேட்டுரை என்றால் கேட்டினை உரைப்பது என்றும் விரியும். கவனிக்க.

செ., கோவை

அனைவருக்கும் நன்றி. நாளை காலை அச்சகம் திறக்கிறது, இதற்கு மேல் காத்திருக்க முடியாது. தலைப்பு 'கேட்டவர் குறிப்பு'. யாரும் முன்மொழியாதது, ஆகவே யாருக்கும் வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். முதல் கேள்வி 'எதில் கேட்டீர்கள்?', இரண்டாவது 'பேச்சு எங்கே நின்றது?', மூன்றாவது 'எந்த நிமிடத்தில், என்ன கேட்டது?'. கலங்கல், எதிர்முழக்கம், ஒத்து மூன்றும் உள்ளே. ஆம்பியன்ட் அப்படியே, பக்கத்தில் சூழிசை என்று ஒரு கோடு போட்டு. காட்சியிசைக்குக் கேள்விக்குறியோடு இடம். குமிழுக்கு இ. சொன்ன பின்னூட்டல், டம், டல் வேறுபாட்டை வாயாலேயே விளக்கிவிடுகிறேன்.

பேரா. சு., திருச்சி

குறிப்பு என்பது வெளிப்படையாகச் சொல்லாமல் உணர்த்துவது. குறிப்புப் பொருள், குறிப்பு வினைமுற்று எல்லாம் அப்படித்தான். வெளிப்படையாகச் சொல் என்று தாளைக் கொடுத்துவிட்டு அதற்குக் குறிப்பு என்று பெயர் வைப்பது முறையன்று. என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்துகொள்க. 'கடு' பற்றி ஞாயிறன்று எழுதுகிறேன்.