மஞ்சள் ஜெர்ஸிக்குப் பின்னால் ஏழு பேர்

(அடையாறு குடும்பக் குழு, இரவு 9:10)

பெரியப்பா: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு முதலில் வந்தது ஒருவர், மேடையில் மஞ்சள் ஜெர்ஸியை இன்னொருவருக்குப் போடுகிறார்களே, அது எப்படி நித்யா?

நித்யா: மொத்தம் 21 கட்டம், பெரியப்பா, ஒரு நாளைக்கு ஒன்று. தினமும் ஆன நேரத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள், யாருக்குக் கூட்டுத்தொகை குறைவோ அவருக்குத்தான் மஞ்சள். ஒரு கட்டத்தில்கூட முதலில் வராமல் முழுப் பந்தயத்தையும் ஜெயிக்கலாம், 2017-இல் கிறிஸ் ஃப்ரூம் அப்படித்தான் ஜெயித்தார்.

கார்த்தி: 1989-ஐ விட்டுவிட்டாயே! கடைசி நாள் காலையில் 50 விநாடி பின்னால் இருந்த கிரெக் லெமாண்ட், ஒவ்வொருவராகத் தனியே நேரம் பார்த்து ஓட்டும், பாரிஸில் முடிந்த கட்டத்தில் அதை அப்படியே எடுத்து 8 விநாடியில் ஜெயித்தார். மூன்று வாரம் ஓட்டி 8 விநாடி!

நித்யா: ஆமாம், ஆனால் பெரியப்பா, நாளைக்கு மஞ்சள் ஜெர்ஸியை மட்டும் பார்க்காதீர்கள், அவருடைய அணியில் இருக்கும் மற்ற ஏழு பேரையும் பாருங்கள். ஒருவர் வேண்டுமென்றே பின்தங்கி அணியின் காருக்குப் போவார், ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலாக வாங்கி முதுகுப் பையில் இரண்டு, மூன்று, அப்புறம் ஜெர்ஸிக்குள் கழுத்து வழியாக நாலைந்து என்று செருகிக்கொண்டு, முதுகு புடைத்துப் போய், மறுபடி அத்தனை பேரையும் தாண்டி முன்னால் வந்து ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். கொடுத்துவிட்டுக் காற்றை மறைத்துக்கொண்டு மஞ்சள் ஜெர்ஸிக்காரருக்கு முன்னால் ஓட்டுவார். ஈசிஆரில் கோவளம் போகும்போது எதிர்க்காற்று அடித்தால், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனாலே கால் எவ்வளவு லேசாகிறது என்று எனக்குத் தெரியும். அங்கே அதை மூன்று வாரம் இன்னொருவருக்காகச் செய்கிறார்கள்.

அத்தை: பாவம், அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

நித்யா: சம்பளம் உண்டு அத்தை. ஜெயித்தவர் பரிசுப் பணத்தை அணியோடு பகிர்ந்துகொள்வதும் வழக்கம். ஆனால் உழைத்துக் களைத்தவர்களுக்கும் நேர வரம்பு உண்டு, அதற்குள் வந்து சேராவிட்டால் மறுநாள் ஓட்ட முடியாது. மலை நாட்களில் முதல் ஆள் வந்து அரைமணி நேரம் கழித்தும் கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள்.

அத்தை: பெண்களுக்கு இல்லையா?

நித்யா: 2022-இலிருந்து டூர் டி பிரான்ஸ் ஃபாம் நடக்கிறது. 2024-இல் மஞ்சள் ஜெர்ஸியில் இருந்த டெமி வோலரிங் ஐந்தாவது கட்டத்தில் விழுந்துவிட்டார், 1 நிமிடம் 47 விநாடி போனது. அன்றைக்கு முன்னால் போய் அந்தக் கட்டத்தை ஜெயித்தது அவருடைய அணிக்காரர்தான். கடைசி நாள் அல்ப் துவேஸ் மலையில் வோலரிங்தான் முதலில் வந்தார், அப்படியும் மொத்த நேரத்தில் காஷா நியேவியாதோமாவிடம் தோற்றார். வித்தியாசம் 4 விநாடி.

அத்தை: நாலு விநாடியா!! கூட வந்தவள் கொஞ்சம் நின்று கூட்டிக்கொண்டு வந்திருந்தால் ஜெயித்திருப்பாளே.

கார்த்தி: கட்டத்தை ஜெயித்ததும் அணிக்குப் பெருமைதானே அத்தை?

அத்தை: மஞ்சள் போட்டவளை ரோட்டில் விட்டுவிட்டு என்னடா பெருமை?